கடைசிக் கவர்

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனதும், பல் டாக்டரின் காத்திருப்பு அறை விளையாட்டு அறையாகிவிடும். பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளுவார்கள். கிழிந்த பத்திரிகைகளை அள்ளி ஓரமாகப் போட்டுவிட்டு மேசையை டியூப்லைட்டுக்கு நேர் கீழே இழுப்பார்கள். கிராம்பு எண்ணெய் வாசனை மட்டும் எதற்கும் நகராது.

கூடுவது நான்கு பேர். ஒருவர் இடத்துக்குச் சொந்தக்காரரான டாக்டர். பல் பிடுங்குகிற கை, ஆனால் காயை நகர்த்தும்போது மட்டும் உதறும். இரண்டாமவர் கணக்கு வாத்தியார். விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர், வகுப்பில் பையன்களிடம் தோற்காத கெத்தை இங்கேயும் கொண்டுவந்துவிடுவார். மூன்றாவது, கீழே ஷட்டர் போட்ட தையல் கடைக்கார அக்கா. நான்காவது ஆள் அவள். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். டாக்டர் அவளை 'எக்ஸ்ரே' என்றே கூப்பிடுவார். வாத்தியாருக்கு அவள் மேடம், அக்காவுக்கு வெறும் 'ஏம்மா'.

இது அவளுடைய கோபத்தின் கதை. அந்தக் கோபம் நியாயமானது என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிற்பாடு யாரும், அவர்களும் நல்லவர்கள்தானே, இரண்டு பக்கமும் கேட்க வேண்டாமா என்று கிளம்பக் கூடாது. நல்லவர்கள்தான். அதுதான் இங்கே தொல்லையே.

ஒரு வருஷமாக அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது, ஒரே ஒரு தடவை மட்டும் ஆட முடிகிற விளையாட்டு. பெரிய அணை, அதற்குக் கீழே ஒரு ஊர். அணை கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விடுகிறது. நான்கு பேரும் ஒரே கட்சி, எதிரி தண்ணீர். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெட்டிக்குள் முத்திரை ஒட்டிய ஒரு கவர் இருக்கும். பிரித்து, உள்ளேயிருக்கும் சீட்டைச் சத்தமாகப் படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, அதன்படி ஆட வேண்டும். திரும்பப் பார்க்க முடியாது, திரும்ப ஆட முடியாது. முதல் சீட்டைக் கிழிக்கச் சொன்னபோது அக்காவுக்கு மனசு வரவில்லை. நாளெல்லாம் புதுத் துணியைக் கத்தரிக்கிற மனுஷி, உள்ளங்கை அகல அட்டைக்குப் போய்த் தயங்கினாள். வாத்தியார் விதியைப் படித்துக் காட்டிக் கிழிக்க வைத்தார்.

டாக்டர் அதில் இன்ஜினீயர், வாத்தியார் காவல்காரர், அக்கா ஊர்த்தலைவி. அவள் படகோட்டி. சின்ன நீலப் படகு, மரத்தில் செய்தது.

அவளுக்கு அந்த விளையாட்டின் மேல் இருந்த பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. அந்த மேசையைச் சுற்றி ஒருவருக்கும் அடுத்த கவரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எல்லோரும் ஒரே இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு இடம் அதற்கு முன் இருந்ததில்லை.

படிப்பு முடிக்கும் வருஷம், அவள் ஹாஸ்டலில் தங்கிக் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. போன் செய்தால், அப்பா தூங்குகிறார் என்பாள் அம்மா. அண்ணன், நல்லாப் படி என்பான். பரீட்சை முடிந்த அன்றைக்கு அண்ணன் ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றான், மொட்டைத் தலையோடு. எல்லாம் முடிந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்திருந்தது, பால்காரருக்குத் தெரிந்திருந்தது, ஹாஸ்டல் வார்டனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. பெற்ற மகளுக்குத் தெரியவில்லை. ஏன் என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: உனக்காகத்தான். அவள் முதல் வகுப்பில் தேறினாள். அந்த மார்க் ஷீட்டை இன்றுவரை வீட்டுச் சுவரில் மாட்டவிட்டதில்லை.

இதை அவள் மேசையில் யாரிடமும் சொன்னதில்லை. விளையாட வந்த இடத்தில் ஒப்பாரி எதற்கு என்று இருந்துவிட்டாள்.

பாக்கி இருந்தது ஒரே கவர். கடைசிக் கவர், சிவப்பு முத்திரை. அந்த நேரம் பார்த்து மருத்துவமனையில் கூட வேலை செய்கிறவள் பிரசவ லீவில் போனாள். சனிக்கிழமை சாயங்கால டியூட்டி இவள் தலையில் விழுந்தது. திரும்பி வரும்வரை கடைசிக் கவரைத் தொடக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். மூன்று பேரும் சத்தியம் செய்யாத குறை. நீங்கள் இல்லாமல் அதைத் தொட்டால் கை அழுகிப்போகும் என்றார் வாத்தியார். கைகள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன.

டியூட்டியில் நின்ற சனிக்கிழமைகளில், உடைந்த கையும் பிசகின காலுமாக வந்தவர்களைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டே, அணையில் மணல்மூட்டையை எங்கெங்கே அடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். யோசித்ததில் ஒரு வழியும் பிடிபட்டிருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பாதித் தூக்கத்தில், சரி கட்டு, என்றார்.

கடைசியில் டியூட்டி மாறி, அவள் படியேறி வந்த சாயங்காலம் வரவேற்பு பலமாக இருந்தது. டாக்டர் அவளுக்காக நோயாளி நாற்காலிகளிலேயே மெத்தை போட்ட ஒன்றை எடுத்துப் போட்டிருந்தார். அக்கா டீ வாங்கி வைத்திருந்தாள், ஆறிப்போயிருந்தது. வாத்தியார் எழுந்து நின்றார். வாத்தியார் யாருக்காகவும் எழுந்து நிற்கிற ஆள் இல்லை. அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம்மைத் தேடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பலகையை விரித்தார்கள். கவரைப் பிரிப்பதற்கு முன் கையிலிருக்கும் மணல்மூட்டைகளை வைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு நகர்த்த முடியாது. ஒரு வருஷமாக அவர்கள் பயந்தது அணையை மட்டுமே. அவள் தன் மூட்டைகளை, யோசித்து வைத்தபடி, அணையின் கிழக்கு மதகில் அடுக்கினாள். டாக்டர் நடுவில் வைத்தார். வாத்தியார் இரண்டை அணையில் வைத்தார். மூன்றாவதைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, தும்மல் வருகிறவன் அடக்கப் பார்த்து முடியாமல் தும்முகிற மாதிரி, அதை ஊருக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் கொண்டுபோய் வைத்தார்.

அங்கே எதற்கு என்று அவள் கேட்டாள். அந்தக் கால்வாய் ஒரு வருஷமாகப் பலகையின் மூலையில் அலங்காரத்துக்குக் கிடந்தது. சும்மா ஒரு எச்சரிக்கைக்கு என்றார் வாத்தியார். காதோரம் சிவந்திருந்தது. அக்கா கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள். டாக்டர் மேசைக்கடியில் வாத்தியாரின் காலை மிதித்தார். மிதித்தது அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அதில் பாதி அவள் காலிலும் விழுந்தது.

அப்போதுதான் மூன்று முகங்களையும் சரியாகப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் தினமும் போட்டுக்கொள்கிற முகம் அது. படம் திரையில் விழுந்ததும் எலும்பில் இருக்கிற கோடு முதலில் அவள் கண்ணில்தான் படும். படுத்திருக்கிறவர், என்னங்க, ஒண்ணும் இல்லையே என்று கேட்பார். டாக்டர் பார்த்துச் சொல்வார் என்று அவள் சொல்ல வேண்டும், அது சட்டம். சொல்லும்போது முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். உதடு கொஞ்சம் அதிகமாகக் கனியும், கண் எதிரில் இருப்பவரின் நெற்றியைப் பார்க்கும். இப்போது மூன்று பேர் அவளுடைய நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருக்காது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். நம்பிக்கை என்பது கடைசி வரைக்கும் கெஞ்சும்.

கவரைப் பிரிக்கும் நேரம் வந்தது. யார் பிரிப்பது என்பதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் போர் நடக்கும். இந்த முறை மூன்று பேரும் ஒரே குரலில், நீங்களே பிரிங்க என்றார்கள். முத்திரை அழுத்தமாக ஒட்டியிருந்தது, கம்பெனிக்காரன் ஒட்டுவதைவிடப் பிரமாதமாக. அவள் பிரித்துச் சீட்டை எடுத்துப் படித்தாள். அணை நிற்கிறது, ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது, ஆனால்...

டாக்டர், ஐயோ என்று நெஞ்சில் கை வைத்தார்.

அவள் நிறுத்தினாள். 'ஆனால்' வரைக்கும்தான் படித்திருந்தாள். டாக்டருக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக, கையை நெஞ்சிலிருந்து எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் மிச்சத்தையும் படித்தாள். தண்ணீர் அணை வழியாக வரவில்லை. பின்பக்கக் கால்வாய் வழியாக ஊருக்குள் நுழைகிறது. தாழ்வான தெரு முதலில் முழுகும். படித்து முடித்ததும், விதிப்படி, சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள்.

கிழியவில்லை.

பலம் கொடுத்து இழுத்தாள். மேல் காகிதம் மட்டும் நடுவில், ஏற்கெனவே கிழிந்திருந்த கோட்டிலேயே, பிய்ந்துகொண்டு வந்தது. பின்னால் வெள்ளையாக ஒரு துணி விறைத்துக்கொண்டு நின்றது. சட்டைக் காலருக்குள் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டுவார்களே, அந்த கேன்வாஸ். துணி தெரியாதபடி பின்பக்கம் அதே நிறத்தில் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்திருந்தார்கள். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஏமாற்றுகிறார்கள். கிழிக்க வேண்டிய சீட்டுக்குக் காலர் கேன்வாஸ் வைத்து ஏமாற்றியவர்கள் இவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

அவள் சீட்டை மேசையில் வைத்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா டேப்பை விரலில் இறுக்கிச் சுற்றியதில் விரல் நீலமாகிவிட்டது.

"எப்ப?" என்று கேட்டாள்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் என்றார் டாக்டர். அதன் பிறகு மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொண்டு சொன்னதன் சாரம் இது. அன்றைக்கு மழை. வேறு விளையாட்டில் மனசு போகவில்லை. கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம் என்று மட்டும்தான் டாக்டர் சொன்னார். வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கினார் வாத்தியார். தூக்கியது கையோடு வந்துவிட்டது. வந்த பிறகு பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்த பிறகு ஆடாமல் இருக்க முடியுமா? விதிப்படி கிழித்தார்கள், ஆடினார்கள், தோற்றார்கள். கிழித்த சத்தம் கேட்ட பிறகுதான் அவள் ஞாபகம் வந்ததாம். சொன்னால் மனசு நொந்துபோவாள், ஒன்றும் நடக்காத மாதிரி அவளுக்காக இன்னொரு தடவை ஆடிவிடலாம் என்று முடிவாயிற்று. ஒட்டுகிற வேலை அக்காவுக்கு. ஆச்சரியப்படுகிற வேலை டாக்டருக்கு. ஒன்றும் தெரியாதது போல மூட்டையை மறுபடியும் தப்பான இடத்தில் வைக்கிற வேலை வாத்தியாருக்கு.

"அது மட்டும் அவரால முடியல" என்றாள் அக்கா, ஏதோ வாத்தியாரைக் காட்டிக்கொடுத்தால் தன் பங்கு குறையும் என்பது போல. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி.

"தெரிஞ்சுக்கிட்டே எப்படிங்க தப்பா ஆடறது" என்று வாத்தியார் முனகினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிரித்ததற்குக்கூட அவள் இவ்வளவு எரிந்திருக்க மாட்டாள். ஆசை யாரை விட்டது? அவளே எத்தனை ராத்திரி அந்தக் கவரை நினைத்துப் புரண்டிருக்கிறாள். பிரித்துவிட்டோம், திட்டு என்று போனில் சொல்லியிருந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு அடுத்த வாரம் வந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் மூன்று பேர் கூடி உட்கார்ந்து, அவளை எப்படிச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு மெத்தை நாற்காலி, அவளுக்கு ஆறின டீ, அவளுக்கு ஒரு பொய்யான வெள்ளம். குழந்தைக்கு மருந்தைச் சர்க்கரையில் வைத்துக் கொடுக்கிற மாதிரி.

"மனசு நொந்துடக் கூடாதுன்னுதான்மா" என்று அக்கா கையைப் பிடிக்க வந்தாள். "உனக்காகத்தான்."

அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது.

அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். கத்தவில்லை. எக்ஸ்ரே அறையில் மூச்சைப் பிடிக்கச் சொல்கிற அதே நிதானமான குரலில், அப்பாவைப் பற்றி அவர்களிடம் சொன்னாள். ஹாஸ்டல் வாசலையும் அண்ணனின் மொட்டைத் தலையையும் பால்காரரையும் சொன்னாள். "எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க. எனக்காகத்தானாம். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். இந்த ஒரு மேசையிலதான் எனக்குத் தெரியாதது உங்களுக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன். அதையும் எடுத்துட்டீங்க. அதை எந்த கேன்வாஸ் வச்சு ஒட்டுவீங்க?"

உள்ளறையில் தண்ணீர்க் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் போய் மூடிவிட்டு வந்தார், ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காக.

அவள் போய்விடுவாள் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டு, வாசலுக்குப் போகாமல் நின்று, எப்படித் தோற்றீர்கள் என்று கேட்டாள். உண்மையாக நடந்ததைச் சொல்லுங்கள் என்றாள்.

முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள். தண்ணீர் பின்னாலிருந்து வந்ததும் டாக்டர் நாற்காலியிலிருந்து விழப்பார்த்தாராம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு பிடித்தது. வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். மதகைத் திறந்துவிடு என்று இவர் கத்த, திறந்தால் சந்தை போய்விடும் என்று அக்கா கத்த, டாக்டர் டைஸைப் போட்டால் ஒன்று, மறுபடி போட்டால் மறுபடியும் ஒன்று. இல்லை, இரண்டாவது தடவை இரண்டு என்றார் டாக்டர். ஒன்றுதான், நான் பார்த்தேன் என்றாள் அக்கா. மூன்று பேரும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து, கண்ணெல்லாம் பளபளக்க, கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு, கேட்கிறவள் ஒருத்தி நிற்கிறாள் என்பதையே மறந்துபோனார்கள். அவள் ஒரு வருஷம் காத்திருந்தது அந்தச் சாயங்காலத்துக்குத்தான். அது நடந்து முடிந்துவிட்டது. நன்றாகவும் நடந்திருக்கிறது. அவள் அன்றைக்கு யாரோ ஒருவருடைய முழங்காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தாழ்வான தெரு?" என்றாள்.

சிரிப்பு நின்றது. அங்கேதான் தோற்றோம் என்றார் வாத்தியார். அந்தத் தெரு ஜனங்களை வெளியே கொண்டுவர வழியில்லை, மொத்தமும் போய்விட்டது.

"படகு இருந்துச்சே."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். படகைத் தொடவில்லை என்றார். ஆள் வராவிட்டால் அவருடைய காயை மற்றவர்கள் நகர்த்தலாம் என்று விதி இருக்கிறது, தெரியும். ஆனால் படகு உங்களுடையது. நீங்கள் இல்லாதபோது அதில் கை வைப்பது மரியாதையில்லை என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். கரையிலேயே விட்டுவிட்டோம் என்றார். சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"கவரைப் பிரிக்கலாம், படகைத் தொடக் கூடாது. ஊரே முழுகினாலும் மரியாதை மட்டும் கெடக் கூடாது, இல்ல?" என்றாள். "சார், இனிமே எனக்குத் தெரியாம எனக்காக எதுவும் பண்ணாதீங்க. எதிரா பண்ணணும்னா பண்ணுங்க. தாங்கிக்குவேன்."

"தப்புதான்" என்றார் வாத்தியார். அதற்குப் பின்னால் 'ஆனால்' எதுவும் போடவில்லை.

டாக்டர் பலகையை மடித்துப் பெட்டியில் போட்டார். இன்றைக்கு இத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்று பொதுவாகக் கேட்டார். முடிக்க வேண்டாம், வேறு ஏதாவது எடுங்கள் என்றாள் அவள், பையைக் கழற்றாமலே. எதை எடுப்பது என்று டாக்டருக்குக் கை ஓடவில்லை. கடைசியில், பல்வலியோடு வருகிற குழந்தைகளுக்காக அலமாரியில் வைத்திருந்த லூடோ பலகையை எடுத்து வந்தார். ஒரு மூலை ஈரம் பட்டு உப்பியிருந்தது.

ஆடினார்கள். சாவு வீட்டில் சீட்டாடுகிற மாதிரி இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை, டைஸை மட்டும் பார்த்தார்கள். கோபம் ஒரு சொட்டுக்கூட இறங்காமல், அவள் டைஸை மேசையே அதிரும்படி போட்டாள். அதிர்ஷ்டம் அவள் பக்கம் இருந்தது. அக்காவின் காயை இரண்டு தடவை வெட்டினாள், பாவம் பார்க்கவில்லை. மூன்று காய்கள் பழமாகி, கடைசிக் காய் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு கட்டம் தாண்டினால், பிறகு யாரும் தொட முடியாது.

வாத்தியாருக்கு நான்கு விழுந்தது. அவருடைய காய் அவளுடையதற்குச் சரியாக நான்கு கட்டம் பின்னால் நின்றது. அது அவளுக்கும் தெரியும். ஊர்ப் பிள்ளைகளின் கணக்கை எல்லாம் திருத்துகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? வாத்தியாரின் கை அந்தக் காய்க்கு மேலே போய் நின்றது. பிறகு மெல்ல விலகி, வேறொரு மூலையில் சும்மா கிடந்த காயை எடுத்து, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தது.

"சார்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். இந்தக் காய் ரொம்ப நேரமாக நிற்கிறது, அதனால்தான் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"வெட்டுங்க."

"இல்ல மேடம், இது..."

"வெட்டுங்க சார்."

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியார் எடுத்த காயை அதன் இடத்திலேயே திருப்பி வைத்தார். மற்றதை எடுத்தார். நான்கு கட்டம் சத்தமாக எண்ணி, அவளுடைய காயை டொக் என்று தட்டி, எடுத்து, பலகையின் மூலைக்கு, ஆரம்பித்த இடத்துக்கே கொண்டுபோய் வைத்தார். முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தார்.

அவள் டைஸுக்காகக் கையை நீட்டினாள்.